ஒரு நிலா பல நிலாவாகத் தெரிந்தவர்!

1577-ம் ஆண்டு, நவம்பர் மாதம். ஜெர்மனியில் லியோன்பர்க் என்ற சின்ன ஊர். காத்தரீனா என்ற அம்மா, தன் மகனின் கையைப் பிடித்து ஒரு மேட்டுக்கு அழைத்துப் போனார். வானத்தில் பெரிய வால் நட்சத்திரம் ஒன்று தெரிந்தது. ஐரோப்பா முழுவதும் மக்கள் அதைப் பார்த்து வியந்துகொண்டும் பயந்துகொண்டும் இருந்த நேரம் அது. மகனுக்கு ஆறு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அம்மா காட்டிய திசையில் அவனும் பார்த்தான்.

மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு அந்த வால் நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்திருக்காது. காரணம், அவன் கண்கள் அப்போதே பழுதுபட்டிருந்தன. ஆனாலும் அந்த இரவை அவன் சாகும்வரை மறக்கவில்லை.

குழந்தைகளே, அந்தச் சிறுவன்தான் ஜோகன்னஸ் கெப்ளர். சூரியனைக் கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்பதற்கு மூன்று விதிகளைக் கண்டுபிடித்தவர். உங்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் புத்தகத்தில் அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது. கிட்டப்பார்வை என்றால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று முதன்முதலில் சரியாக விளக்கியவரும் அவர்தான். உங்கள் வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் கெப்ளர் சொந்தக்காரர் மாதிரி!

கெப்ளர் 1571-ம் ஆண்டு டிசம்பர் 27-ந்தேதி, வைல் டெர் ஸ்டாட் என்ற ஊரில் பிறந்தார். குறைமாதக் குழந்தை. ரொம்ப நோஞ்சான். தாத்தா ஊரின் மேயராக இருந்தவர். ஆனால் அப்பா காலத்தில் குடும்பம் நொடித்துப் போயிற்று. அப்பா ஹெய்ன்ரிச் கூலிப்படை வீரர்; எந்த நாடு சம்பளம் கொடுக்கிறதோ அந்த நாட்டுக்காகச் சண்டை போடப் போய்விடுவார். வருவார், போவார். கடைசியில் ஒருநாள் போனவர் திரும்பவே இல்லை.

கெப்ளருக்கு நான்கு வயது வாக்கில் பெரியம்மை போட்டது. அந்தக் காலத்தில் அம்மைத் தடுப்பூசி கிடையாது. அது வர இன்னும் 200 வருடங்களுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. குழந்தை பிழைத்ததே பெரிய காரியம். ஆனால் அம்மை சும்மா போகவில்லை. கைகளை முடக்கிப்போட்டது. பார்வையையும் கெடுத்துவிட்டுப் போனது. தூரத்தில் இருப்பவை மங்கலாகத் தெரிந்தன. அதுமட்டுமா? ஒரே பொருள் பலவாகவும் தெரிந்தது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு வானத்தில் ஒரு நிலா இருக்கும் இடத்தில் பல நிலாக்கள் தெரியும் என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1580-ம் ஆண்டு, சந்திர கிரகணம் வந்தபோது அப்பா அவனை வெளியே கூப்பிட்டுக் காட்டினார். நிலா சிவப்பாக இருந்தது. அதுவும் அவன் மனதில் பதிந்துவிட்டது. பாருங்கள், அம்மா ஒரு தடவை, அப்பா ஒரு தடவை. இந்த இரண்டு இரவுகளையும்தான் கெப்ளர் பெரியவரான பிறகும் நினைவில் வைத்திருந்தார். வீட்டில் அவருக்குக் கிடைத்த சந்தோஷங்கள் அதிகம் இல்லை.

குடும்பம் ஒரு சத்திரம் நடத்திப் பார்த்தது. சிறுவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வயல் வேலைக்கு அனுப்பினார்கள். மூன்று வருடத்தில் முடிக்க வேண்டிய லத்தீன் பள்ளிப் படிப்பை முடிக்க அவனுக்கு ஐந்து வருடங்கள் ஆயின. முடங்கிய கையும் மங்கிய கண்ணுமாக வயல் வேலைக்கு அவன் லாயக்குப்படவில்லை. ஆனால் படிப்பில் கெட்டி. அந்தப் பகுதியை ஆண்ட பிரபு ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துவந்தார். அதனால் மடப் பள்ளிகளில் படித்து, 1589-ல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். போதகராக வேண்டும் என்பது ஆசை. அங்கே மெஸ்ட்லின் என்ற பேராசிரியர், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற காப்பர்நிக்கஸின் கருத்தைச் சொல்லிக் கொடுத்தார். பெரும்பாலோர் அதை நம்பாத காலம். கெப்ளர் உடனே பிடித்துக்கொண்டார்.

படிப்பு முடியும் தறுவாயில், 1594-ல், ஆஸ்திரியாவில் க்ராட்ஸ் என்ற ஊர்ப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக அனுப்பிவிட்டார்கள். முதல் வருடம் அவர் வகுப்புக்கு வந்தவர்கள் ஒரு சிலர். இரண்டாம் வருடம் ஒருவர்கூட இல்லை! நானும் வாத்தியார் வேலை பார்த்த ஆள். ஆள் இல்லாத வகுப்பறையை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நல்லவேளை, பள்ளி நிர்வாகிகள் அவரைக் குறை சொல்லாமல் வேறு பாடங்களையும் எடுக்கச் சொன்னார்கள்.

இப்போது ஒரு கேள்வி. கண் சரியில்லாதவர் வானத்தை எப்படி ஆராய்வார்? அப்போது தொலைநோக்கியும் கிடையாது. கெப்ளருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கணக்கு. இன்னொன்று, நல்ல கண் உள்ளவர் எழுதி வைத்த குறிப்புகள். ஐரோப்பாவிலேயே மிகக் கூர்மையாக வானத்தைப் பார்த்துக் குறிப்பெழுதியவர், டைகோ பிராஹி என்ற டென்மார்க்காரர். அவர் அப்போது பிராக் நகரத்தில் பேரரசர் இரண்டாம் ருடால்பின் அவையில் இருந்தார். 1600-ம் ஆண்டு தொடக்கத்தில் கெப்ளர் அவரைத் தேடிப் போனார். பார்த்தவருக்குக் கணக்குப் போட ஆள் வேண்டும். கணக்குப் போடுகிறவருக்குப் பார்த்த குறிப்பு வேண்டும். இருவருக்கும் அடிக்கடி சண்டை வரும். ஆனாலும் பிரியவில்லை.

அந்த வருடம் ஜூலை 10-ந்தேதி சூரிய கிரகணம். கெப்ளர் அப்போது க்ராட்ஸுக்குத் திரும்பி வந்திருந்தார். சந்தைத் திடலில் இருட்டுக் கூடாரம் போல ஒரு கருவியை அமைத்தார். அதில் சின்னத் துளை. அதன் வழியாக உள்ளே விழும் சூரிய பிம்பத்தை அளந்தார். சூரியனை நேராகப் பார்க்கவே வேண்டாம், கண்ணுக்கும் ஆபத்தில்லை. அவர் அதில் மூழ்கி இருந்தபோது, யாரோ ஒரு திருடன் அவருடைய பணப்பையை அடித்துக்கொண்டு போய்விட்டான்!

பணம் போனது போகட்டும். வேறொரு விஷயம் அவரைத் தூங்கவிடவில்லை. துளை வழியாக விழும் பிம்பம் ஏன் துளையின் வடிவத்தில் இல்லாமல் சூரியனின் வடிவத்தில் இருக்கிறது? சதுரத் துளை போட்டாலும் பிம்பம் வட்டமாகத்தானே விழுகிறது? இதற்கு அவர் செய்த சோதனை, பள்ளிக்கூடத்தில் செய்கிற மாதிரி எளிமையானது. ஒரு புத்தகத்தை உயரத்தில் வைத்தார். அதற்கும் தரைக்கும் நடுவில், பல கோணங்கள் கொண்ட ஓட்டை போட்ட பலகை. புத்தகத்தின் ஒரு மூலையில் நூலைக் கட்டி, ஓட்டையின் விளிம்பைத் தொட்டபடி தரை வரை இழுத்து, நூல் போகும் வழியைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தார். அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை என்று திரும்பத் திரும்ப வரைந்தார். கடைசியில் தரையில் புத்தகத்தின் வடிவம் வந்தது. நூல்தான் ஒளிக்கதிர். ஒளி நேர்கோட்டில் போகிறது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தனித்தனியாகக் கிளம்புகிறது.

அடுத்துத்தான் அவருக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. நம் கண்ணும் இந்த இருட்டறை போலத்தானே இருக்கிறது?

அதற்கு முன்னால் அறிஞர்கள் கண்ணைப் பற்றி வேறு மாதிரி நினைத்திருந்தார்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ்தான் பார்க்கிறது என்பது பலருடைய எண்ணம். கெப்ளர் உடற்கூறு மருத்துவர்களின் நூல்களைப் படித்தார். கணக்குப் போட்டார். லென்ஸ் பார்ப்பதில்லை, அது ஒளியை வளைத்து ஒன்றுசேர்க்கிறது. படம் விழுவது பின்னால் இருக்கும் விழித்திரையில் என்று கண்டுபிடித்தார். அந்தப் படம் தலைகீழாக விழுகிறது என்பதையும் சொன்னார். தலைகீழ்ப் படம் நமக்கு எப்படி நேராகத் தெரிகிறது? அது ஒளியியல் வேலை இல்லை, அதற்கு அப்பால் உள்ளது என்று விட்டுவிட்டார். நல்ல அறிஞருக்கு இது அழகு. தெரிந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். பகலில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் சுவரின் அருகே போய், ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் பிடியுங்கள். பூதக்கண்ணாடியை அதன் முன்னால் வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் வெளியே இருக்கும் தென்னை மரமோ எதிர்வீடோ தாளில் குட்டியாக, தலைகீழாக, கலரோடு தெரியும்! (சூரியன் தெரியும் ஜன்னல் வேண்டாம். பூதக்கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும்.) இப்போது லென்ஸை அசைக்காமல் தாளை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். படம் மங்கிவிடும். அந்த மங்கல்தான் கிட்டப்பார்வை. கண்ணின் லென்ஸ் சேர்த்துக் கொடுக்கும் படம், விழித்திரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்துவிடுகிறது. கிட்டத்தில் இருக்கும் புத்தகம் தெரியும்; தூரத்துக் கரும்பலகை தெரியாது.

மூக்குக்கண்ணாடி கெப்ளர் காலத்துக்கு ஏறக்குறைய 300 வருடங்களுக்கு முன்பே இத்தாலியில் வந்துவிட்டது. கிட்டப்பார்வைக்குக் குழிலென்ஸ் போடும் வழக்கமும் இருந்தது. கண்ணாடி விற்கிறவர் நாலைந்தை எடுத்து வைப்பார்; எது தெளிவாகத் தெரிகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஏன் தெரிகிறது என்று யாருக்கும் தெரியாது! அவருக்கு ஆதரவாக இருந்த ஒரு பிரபு, இதற்குக் காரணம் என்ன என்று கேட்டுத் துளைத்துக்கொண்டே இருந்தாராம். 1604-ல் வெளிவந்த தன் ஒளியியல் நூலில் கெப்ளர் பதிலை எழுதினார். குழிலென்ஸ் ஒளிக்கதிர்களைச் சற்று விரித்து அனுப்புகிறது. அதனால் படம் பின்னுக்குத் தள்ளிப்போய்ச் சரியாக விழித்திரையில் விழுகிறது. 1611-ல் லென்ஸ்களுக்கென்றே இன்னொரு நூல் எழுதி, இதை இன்னும் விவரமாகச் சொன்னார்.

கிட்டப்பார்வை சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது என்றும் அவர் யோசித்தார். சின்ன வயதிலிருந்தே புத்தகமும் நுணுக்கமான வேலையுமாக இருப்பவர்களின் கண், கிட்டத்துப் பொருளுக்கே பழகிப்போய்விடுகிறது என்பது அவர் கருத்து. அவருக்கு இதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் இந்தப் பேச்சு அவரோடு நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் கெப்ளரை பிராகில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துவிட்டு வருவோம். இது உங்கள் கண் சம்பந்தப்பட்டது. வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள்.

1860-களில் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்தில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர், 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்தார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை மிகக் குறைவு. வகுப்பு உயர உயர, படிப்புச் சுமை ஏற ஏற, எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது. கெப்ளர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வகுப்பறைக்குப் பெரிய ஜன்னல்கள், பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற பெஞ்சுகள் வேண்டும் என்ற குரல் எழுந்தது.

நம் கண் பிறக்கும்போது முன்னிருந்து பின் வரை ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு 24 மில்லிமீட்டர் அளவில் வந்து நின்றுவிடும். சில பிள்ளைகளுக்கு அது நிற்காமல் நீண்டுகொண்டே போகிறது. அந்தத் தாளைப் பின்னால் தள்ளினீர்களே, அதேதான்! ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் கண்ணாடி பவர் இரண்டரை, மூன்று வரை ஏறிவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. பவர் மிக அதிகமானால், பெரியவரான பிறகு இழுபட்டு மெலிந்த விழித்திரை கிழியவோ பிரிந்துவரவோ வாய்ப்பு அதிகம். அதனால்தான் மருத்துவர்கள் கண்ணாடி எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், நீள்வதைத் தாமதப்படுத்த வழி தேடுகிறார்கள்.

இங்கேதான் ஓர் ஆச்சரியம். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் வாழும், ஆறேழு வயதுள்ள சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2008-ல் வெளியானது. சிங்கப்பூரில் 100-க்கு 29 குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 100-க்கு 3 பேருக்குத்தான்! சிட்னிக் குழந்தைகள் படிப்பதில்லையா? அவர்கள்தான் அதிகப் புத்தகம் படித்தார்கள். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? சிட்னிக் குழந்தைகள் வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகளோ 3 மணி நேரம்தான்.

அதற்குப் பிறகு சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பள்ளிகளில் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. மூன்று வருடங்களில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 100-க்கு 39 அல்லது 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் போன பிள்ளைகளில் 30 பேருக்கு. தைவான் நாட்டில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 2 மணி நேரம் வெளியில் இருக்க வைக்கும் திட்டமே கொண்டுவந்தார்கள்.

வெளியில் போனால் என்ன? வெளிச்சம்! டியூப்லைட் போட்ட வகுப்பறையைவிட, மரத்தடி நிழலில்கூட வெளிச்சம் பல மடங்கு அதிகம். நல்ல வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமின் என்ற ரசாயனம் சுரந்து, கண் நீள்வதை அடக்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓட வேண்டும், குதிக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்து கதை பேசினாலும் கணக்கில் சேரும். ஆகவே, பள்ளி விட்டதும் நேரே டியூஷன், டியூஷன் விட்டதும் நேரே டி.வி., செல்போன் என்று ஓடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பி.டி. பீரியடைக் கடன் வாங்கிக் கணக்கு நடத்துகிற என் ஆசிரிய நண்பர்களும் இதைப் படித்தால் நல்லது!

அதற்காகக் கெப்ளர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. ஒரு அடிக்கும் குறைவான தூரத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அரை மணிக்கு மேல் நிமிராமல் படிக்கும் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை அதிகம் என்பதும் சிட்னி ஆய்வில் தெரிந்தது. கதைப் புத்தகம் எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும், நடுநடுவே எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பாருங்கள்.

கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும் என்று சில வீடுகளில் சொல்வார்கள். பவரைக் குறைத்துப் போட்டால் நல்லது என்றும் சொல்வார்கள். மலேசியாவில் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் சிலருக்குச் சரியான பவரும், சிலருக்குக் குறைந்த பவரும் கொடுத்து இரண்டு வருடங்கள் பார்த்தார்கள். குறைந்த பவர் போட்டவர்களுக்குத்தான் வேகமாக ஏறியது! 2002-ல் வந்த முடிவு இது. ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுத்த கண்ணாடியைப் பையில் ஒளித்து வைக்காமல் போடுங்கள். சோடாபுட்டி என்று கேலி செய்கிறவர்களிடம் கெப்ளர் கதையைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பவர் வந்து, வருடா வருடம் ஏறுகிறது என்றால்? வெளியில் விளையாடுவது அப்போதும் நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. அட்ரோபின் என்ற மருந்தை மிக மிகக் குறைந்த அளவில் சொட்டு மருந்தாக இரவில் விட்டால் ஏறும் வேகம் குறைவதை, சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் குழந்தைகளிடம் சோதித்துக் கண்டார்கள். இதற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடிகளும் கான்டாக்ட் லென்ஸ்களும் வந்துள்ளன. எது யாருக்கு ஏற்றது என்பதைக் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். (அட்ரோபின் ஊமத்தைச் செடியிலும் இருக்கிறது. அதற்காக யாரும் ஊமத்தை இலையைப் பறித்துக் கசக்கிவிடாதீர்கள். அது கடும் விஷம்!)

கரும்பலகை தெரியாவிட்டால் வீட்டில் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த வருடங்களில் இதைச் சொல்லாமல் இருந்த பிள்ளைகள் அநேகம். எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதி, காப்பி அடிக்கிறான் என்று திட்டும் வாங்குவார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

சரி, கெப்ளரிடம் திரும்புவோம்.

1601-ல் டைகோ பிராஹி இறந்துபோனார். பேரரசரின் கணித அறிஞர் பதவி கெப்ளருக்குக் கிடைத்தது. டைகோவின் குறிப்புகளும் கைக்கு வந்தன. செவ்வாய்க் கோளின் பாதையைக் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் கணக்குப் போட்டார். கால்குலேட்டர் இல்லை, லாகரிதம்கூட அப்போது வரவில்லை. எல்லாம் மனக்கணக்கும் இறகுப் பேனாவும்தான். வட்டப் பாதை என்று வைத்துப் பார்த்தால் டைகோவின் குறிப்போடு 8 கலை வித்தியாசம் வந்தது. ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு கலை. முழுநிலாவின் அகலத்தில் கால் பங்குதான் இந்த 8 கலை. வேறு யாராவது என்றால் போனால் போகிறது என்று விட்டிருப்பார்கள். கெப்ளருக்கோ டைகோவின் கண் மீது அவ்வளவு நம்பிக்கை. போட்ட கணக்கை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். கடைசியில் பாதை வட்டமில்லை, நீள்வட்டம் என்று கண்டார். 1609-ல் அது நூலாக வந்தது. தன் கண்ணால் பார்க்க முடியாததை இன்னொருவர் கண்ணால் பார்த்த மனிதர்!

அடுத்த வருடமே இத்தாலியிலிருந்து கலிலியோவின் செய்தி வந்தது. தொலைநோக்கியால் வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களைக் கண்டதாக அவர் எழுதியிருந்தார். நம்பாதவர்களே அதிகம். கெப்ளர் கலிலியோவுக்கு ஆதரவாக எழுதினார். 1610 ஆகஸ்ட் கடைசியில் ஒரு தொலைநோக்கி சில நாட்களுக்கு அவர் கைக்கு இரவலாக வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தான் மட்டும் பார்க்கவில்லை. நண்பர்களையும் பார்க்கச் சொன்னார். பார்த்ததை ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியாக வரைய வேண்டும். பிறகு எல்லாப் படங்களையும் ஒப்பிட்டார்கள். ஒத்துப்போனது. வியாழனின் நிலாக்கள் உண்மைதான்!

பிறகு, இரண்டு குவிலென்ஸ்களை வைத்து இன்னும் சிறந்த தொலைநோக்கி செய்யலாம் என்று 1611-ம் ஆண்டு நூலில் எழுதினார். அவர் செய்து பார்க்கவில்லை. பின்னால் மற்றவர்கள் செய்தார்கள். பின்னாளில் வானியலாளர்கள் கலிலியோவின் தொலைநோக்கியை விட்டுவிட்டு அந்த வகைக்கே மாறினார்கள்.

ஆனால் அதே 1611 அவருக்குக் கொடுமையான வருடம். தன் பார்வையைப் பறித்த அதே பெரியம்மை, அவருடைய ஆறு வயது மகன் பிரெடரிக்கைக் கொண்டு போனது. மனைவி பார்பராவும் அதே வருடம் காய்ச்சலில் இறந்தார். பேரரசர் அதிகாரம் இழந்தார். கெப்ளர் லின்ஸ் என்ற ஊருக்குப் போய், மறுபடி வாத்தியார் வேலை பார்த்தார்.

அதோடும் விடவில்லை. வால் நட்சத்திரம் காட்டிய அந்த அம்மா மீது, சூனியக்காரி என்று ஊரார் வழக்குப் போட்டார்கள். காத்தரீனா அம்மாவுக்கு மூலிகை வைத்தியம் தெரியும். வாய்த்துடுக்கும் உண்டு. அந்தக் காலத்தில் இது போதும். 1620-ல் எழுபது வயதைத் தாண்டிய அவரைப் பிடித்துச் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். கெப்ளர் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். பக்கம் பக்கமாக வாதங்களை எழுதி, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் காரணத்தோடு பதில் சொன்னார். 14 மாதங்கள் கழித்து அம்மா விடுதலையானார். ஆறே மாதத்தில் இறந்தும் போனார்.

இதற்கு நடுவே 1619-ல் மூன்றாம் விதி வந்தது. 1627-ல், டைகோவின் குறிப்புகளை வைத்துத் தயாரித்த கோள் அட்டவணைகளை வெளியிட்டார். வரவேண்டிய சம்பள பாக்கி மட்டும் வரவே இல்லை. 1630-ம் ஆண்டு, அதைக் கேட்பதற்காகக் குதிரையில் ரீகன்ஸ்பர்க் என்ற ஊருக்குப் போனார். போன இடத்தில் காய்ச்சல் கண்டு, நவம்பர் 15-ந்தேதி உயிர் பிரிந்தது. வயது 58. அடுத்த சில வருடங்களில் அங்கே நடந்த போரில் அந்தக் கல்லறைத் தோட்டமே அழிந்துவிட்டது. கெப்ளர் புதைக்கப்பட்ட இடம் இன்று யாருக்கும் தெரியாது.

அவர் கண்ணைக் கெடுத்த பெரியம்மையும் இன்று இல்லை. அது உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

2009-ம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் நாசா ஒரு தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பியது. தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவதுதான் அதன் வேலை. 2018-ல் எரிபொருள் தீர்ந்து ஓயும்வரை அது சேர்த்த தகவல்களிலிருந்து 2,600-க்கும் அதிகமான கோள்கள் தெரியவந்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர், கெப்ளர்.